பூமியின் நாடி பார்க்கும் இலாகா

மழைக்கு முன் மேகம் திரளும். வெள்ளத்துக்கு முன் ஆற்று நீர் கலங்கும். பூகம்பமோ யாதோர் அறிகுறியும் காட்டாமல் வந்துவிடக் கூடியது. இத்தகைய ஆபத்தினின்றும் மக்களைக் காக்க ஒரு சர்க்கார் என்ன செய்ய இயலும்? சீன நாட்டின் அனுபவம் இதற்குத் தரும் விடையை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

1966 மார்ச்சில் சீனாவின் சிங்தாய்ப் பிரதேசத்தைப் பெரும் பூகம்பங்கள் தாக்கின. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிரதமர் சூ என்லாய் நேரில் சென்று பார்த்து, இத்துறையில் ஆராய்ச்சி வேண்டும் என விஞ்ஞானிகளைப் பணித்தார். 1971இல் தேசிய பூகம்ப இலாகா அமைந்தது. பூமியின் அதிர்வுகளைக் கருவிகள் அளந்தன; கிணற்று நீரின் ஏற்ற இறக்கத்தையும் கால்நடைகளின் போக்கையும் கிராம மக்களே கவனித்துத் தெரிவித்தனர்.

ஒரு வெற்றியும் ஒரு துயரமும்

1975 பிப்ரவரி 4ஆம் நாள் மாலை, ஹைசெங் நகரை 7.3 அளவுள்ள பூகம்பம் குலுக்கியது. முந்திய நாள் முதலே சிறு அதிர்வுகள் அடுக்கடுக்காய் வந்தமையால், பல ஊர்களில் மக்கள் கடுங்குளிரையும் பொறுத்து வெட்டவெளியில் தங்கியிருந்தனர். சுமார் இரண்டாயிரம் பேர் மாண்டனர் எனினும், பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன.

பூகம்பத்தை மனிதன் வென்றுவிட்டான் என்று உலகம் எண்ணியது. அவ்வெண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1976 ஜூலை 28ஆம் நாள், பொழுது விடியுமுன் தாங்ஷான் நகரம் தரைமட்டமாயிற்று. அங்கே முன்னதிர்வுகள் எச்சரிக்கவில்லை. பெரிய பூகம்பம் வராத பகுதி என்று கருதப்பட்டமையால், கட்டடங்கள் அதனைத் தாங்கும் உறுதியுடன் எழுப்பப்படவும் இல்லை. உறக்கத்திலிருந்த மக்கள் மீது செங்கற்சுவர்கள் சரிந்தன. சர்க்கார் கணக்கின்படி மாண்டவர் 2,42,000 பேர்.

எது காக்கும்?

பூகம்பம் வரும் நாளையும் நாழிகையையும் முன்கூட்டி உரைக்கும் வித்தை இன்றளவும் எந்நாட்டார்க்கும் கைவரவில்லை. ஆயினும் கண்காணிப்பு வீண்போகவில்லை. எப்பகுதிக்கு எவ்வளவு ஆபத்து என்று வரைபடம் வகுக்கவும், அதற்கேற்பக் கட்டட விதிகளை இயற்றவும் அதுவே ஆதாரம்.

வேறொரு பயனும் உண்டு. பூகம்பத்தில் முதலில் வரும் அலை விரைவானது, ஆனால் மெல்லியது. பெருஞ்சேதம் விளைக்கும் அலை அதற்குப் பின்னரே வரும். முதல் அலையைக் கருவிகள் உணர்ந்த கணமே தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செய்தி பறக்கிறது. கிடைப்பது சில விநாடிகளே. எனினும் ரயிலின் வேகத்தைக் குறைக்கவும், பள்ளிப் பிள்ளைகள் மேசையடியில் ஒதுங்கவும் அது உதவும். இதற்கெனச் சீனாவில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் அமைந்துள்ளன. பூகம்பம் பிறக்கும் இடத்தை ஒட்டிய ஊர்களுக்கோ இந்த அவகாசமும் கிட்டாது. அங்கே உறுதியான சுவரே காவல்.

தாங்ஷான் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீண்டோரில் மிகப் பலரை மீட்டவர்கள் அண்டை வீட்டாரே. வெளியுதவி வந்து சேருமுன் வெறுங்கையால் கல்லையும் மண்ணையும் அகற்றியவர்கள் அவர்கள். நிபுணரின் அறிவு, சர்க்காரின் சட்டம், அண்டை அயலாரின் ஒத்துழைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுகூடினாலன்றிப் பாதுகாப்பு இல்லை. அவற்றுள் மூன்றாவதை எந்த இலாகாவாலும் ஆபத்து நேர்ந்த அன்று புதிதாய் உண்டாக்கித் தர முடியாது. அதை அன்றாடம் வளர்த்து வைப்பது நம் போன்ற கூட்டுறவாளரின் கடமையாகும்.