பச்சோந்திக்கு வெயிலும் பனியும்

1980-களில் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒருவர் பச்சோந்தி வாங்கினால், அதை வைக்க அவரிடம் இருந்தது பெரும்பாலும் ஒரு மீன்தொட்டி. நாலு பக்கமும் கண்ணாடி, மேலே மூடி, உள்ளே ஒரு குண்டு பல்பு, மூலையில் கிண்ணத்தில் தண்ணீர். அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே பச்சோந்தி தாகத்தில் வற்றிக் கிடக்கும். தேங்கிய நீரை அது பெரும்பாலும் நீராகவே கண்டுகொள்வதில்லை. இலையில் மின்னும் துளியைத்தான் நக்கும். காற்றோட்டம் இல்லாத தொட்டியில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து புழுங்க, கண் குழி விழும், மூச்சில் சளி கட்டும், சில மாதங்களில் கதை முடிந்துவிடும். பச்சோந்தி வீட்டில் தங்காது என்பது அன்றைய பொதுவான முடிவு.

இன்று அந்த முடிவு பொய்த்துவிட்டது. ஏமன் மலைச்சரிவுகளைச் சேர்ந்த ஏமன் பச்சோந்தியும் மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியும் கூண்டிலேயே முட்டையிட்டு, பொரித்து, தலைமுறை தலைமுறையாக வளர்கின்றன. நல்ல கையில் ஓர் ஏமன் ஆண் 5 முதல் 8 ஆண்டு வரை இருக்கிறது. இரை அன்றும் சிள்வண்டுதான், இன்றும் சிள்வண்டுதான். பெரிதாக மாறியவை ஈரமும் வெளிச்சமும்.

விடை முன்பே ஒருமுறை தற்செயலாக வந்து கண்முன் நின்றது. 1972-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் ஒரு வளர்ப்புப்பிராணி வியாபாரி, கென்யாவிலிருந்து சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். நெடும்பயணத்தில் அவை நீர் வற்றி மெலிந்திருந்தன. கொஞ்சம் தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். தேறின. தேறியதோடு நில்லாமல் வேலி தாண்டிப் பெருகி, இன்று அந்தத் தீவுகளில் அயல் உயிரினமாக நிலைத்துவிட்டன. அந்தத் தீவுகளுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் தின்பதால் அரசுக்குத் தலைவலி. வளர்ப்பவர் அதிலிருந்து படித்திருக்க வேண்டியது வேறு. இலை இடுக்கில் வடிந்து வரும் வெயில், குளிர்ந்த ஈரமான இரவு, தடையின்றி ஓடும் காற்று இருந்தால் அரைச்சாவில் வந்த பிராணிகூட எழுந்துவிடும். இந்தப் பாடம் கூண்டுக்குள் வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

1990-களில் கண்ணாடி போய் வலைக்கூண்டு பரவியது. பிளாஸ்டிக் குவளையின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, கூண்டின் மேல் வைத்து, கீழே மணி பிளான்ட் இலையில் சொட்டுச் சொட்டாக விழவிடுவார்கள். சிலர் வலைமேல் ஐஸ்கட்டி வைத்து உருகவிடுவார்கள். கைத்தெளிப்பான் மணிக்கு ஒருதரம் என்ற நிலை மாறி, டைமர் பொருத்திய தெளிப்பான் வந்தது. கருவிகள் தேறின, மனத்தில் இருந்த படம் மட்டும் மாறவில்லை. அது ஓயாமல் சொட்டும் மழைக்காட்டின் படம். மடகாஸ்கர் கடற்கரையின் ஈரப்பதம் 75, 80 சதவீதம் என்று புத்தகத்தில் பார்த்தவர்கள், இரவு பகல் பாராமல் கூண்டிலும் அதையே பிடித்துவைத்தார்கள்.

இங்கேதான் சராசரி ஏமாற்றியது. இரவில் 100, நண்பகலில் 50 என்று ஏறி இறங்கும் இடத்துக்குச் சராசரி 75. ஆனால் பச்சோந்தி அமரும் கிளையில் அந்த 75 காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கடந்துபோகிறதே தவிர, தங்குவதில்லை. நாள் முழுக்க 75-ல் வைத்த கூண்டில் இலை காயாது, பூஞ்சை பிடிக்கும், பிராணிக்கு நுரையீரல் நோய் வரும். வந்த நோயைக் குளிர் என்று நினைத்து வெப்பத்தைக் கூட்டியவர்களும் உண்டு.

செக் நாட்டு ஊர்வன ஆய்வாளர் பெட்ர் நெச்சாஸ், பச்சோந்திகளை அவற்றின் சொந்த நிலத்தில் பார்த்து 1990-களிலேயே நூல் எழுதியவர். அவரும் அவரை ஒத்த சிலரும் பின்னர் வற்புறுத்தியது எளிய ஒழுங்கு: ஈரம் இரவுக்கு, வறட்சி பகலுக்கு. விளக்கு அணைந்ததும் அறை குளிரவேண்டும். 20 பாகைக்குக் கீழே போனால் நல்லது. நள்ளிரவுக்குப் பின் ஃபாகர் எனப்படும் பனிப்புகைக் கருவி ஓடும். விடியலில் ஒரு தெளிப்பு. அதன்பின் கூண்டு காய்ந்து, பகலில் 50 சதவீதத்துக்குக் கீழேகூடப் போகும். இரவு குளிராத அறையில் இதைச் செய்தால் மறுபடியும் அந்தப் பழைய மீன்தொட்டிதான்.

விளக்கு எரியும் முன் அந்தக் கூண்டைப் பார்த்தால், பச்சோந்தி வெளிறிப்போய், வாலைச் சுருட்டி, மெல்லிய குச்சியில் உறங்கிக்கொண்டிருக்கும். தலைக்கொண்டையில் கோத்த ஈரம் ஒரு துளியாகி மூக்குவழி உருண்டு உதட்டோரம் நிற்கும். கண் திறந்ததும் அதை நக்கும்; பிறகு எதிரே உள்ள இலையை. நாள் முழுக்கத் தண்ணீர்ப் பக்கம் போகாத ஏமன் பச்சோந்திகள் இப்படித்தான் நலமாக இருக்கின்றன. பச்சோந்தி உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை, காற்றையே உட்கொள்கிறது என்று ரோமானியர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதினார். உணவு விஷயத்தில் அது சுத்த அபத்தம். தண்ணீர் விஷயத்தில் அவ்வளவு சிரிக்க வேண்டியதில்லை. பனி நிறைந்த இரவுக் காற்று, மூச்சுவழி போகும் நீரை மிச்சப்படுத்திக் கொடுக்கத்தான் செய்கிறது.

வெயிலின் கதையும் இதே தடத்தில் போனது. அன்று பலர் தொட்டியைச் சன்னலோரம் வைத்து, வெயில் படுகிறது என்று திருப்திப்பட்டார்கள். வெளிச்சமும் சூடும் வந்தன. எலும்புக்கு வேண்டிய புற ஊதா-பி கதிரைச் சன்னல் கண்ணாடியே விழுங்கிவிட்டது. அந்தக் கதிர் இல்லாமல் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. வளைந்த கால்களும் ரப்பர்போல் மடங்கும் தாடையும் அன்று சாதாரணக் காட்சி. 1990-களில் ஊர்வனவற்றுக்கென்றே புற ஊதா-பி குழல்விளக்குகள் கடைக்கு வந்தன.

டெக்சாஸில் கேரி ஃபெர்குசன் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. உணவில் டி3 குறைந்த பேந்தர் பச்சோந்திகள் புற ஊதா ஒளியைத் தேடி அதிகம் அமர்ந்தன. நிறையக் கிடைத்தவை ஒதுங்கின. தனக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்பது பிராணிக்கே தெரிந்திருக்கிறது. 2010-ல் அதே குழுவினர் ஊர்வன காட்டில் அமர்ந்திருக்கும் இடத்திலேயே கதிரை அளந்து நான்கு மண்டலங்களாகப் பிரித்தனர். வெப்பமண்டல நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டும். பச்சோந்தி அந்த வெயிலில் உட்காருவதில்லை. எனவே இன்று பலர் வெயில்காயும் கிளையில் 3 அளவு கிடைக்கும்படி விளக்கின் உயரத்தை மீட்டர் வைத்து ஒழுங்கு செய்கிறார்கள். கீழே போகப் போகக் குறைந்து, இலைமறைவில் ஏறக்குறைய சுழியம். நாட்டின் தட்பவெப்பத்தைப் பார்த்த காலம் போய், கிளையின் தட்பவெப்பத்தைப் பார்க்கும் காலம் வந்திருக்கிறது.

இழப்பும் உண்டு. கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் பழைய ஆட்கள் கூண்டை முற்றத்து மரத்தில் மாட்டுவார்கள். காலை வெயிலில் பச்சோந்தி உடம்பைத் தட்டையாக்கி, வெயில் படும் பக்கத்தை மட்டும் கருக்கி, மறுபக்கத்தை வெளிறவிட்டு நிற்பதை அவர்கள் தினமும் பார்த்தார்கள். வாய் பிளந்தால் சூடு மிஞ்சியது; எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளித்தால் தண்ணீர் போதவில்லை; இவையே அவர்களின் மீட்டர்கள். இன்று செல்பேசி ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் சொல்லிவிடுகிறது. ஒரு நாள்கூட உண்மையான வெயிலைக் காணாமல், முழு ஆயுளையும் குழல்விளக்கின் கீழ் கழிக்கும் பச்சோந்திகள் எத்தனையோ. நீண்ட ஆயுள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எண் சரியாக இருக்கும்போது பிராணியை உற்றுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

லாபக் கணக்கில் பெரியது காட்டுக்குக் கிடைத்த ஓய்வு. முன்பு செத்தவற்றுக்கு ஈடாகப் புதியவை ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. 1977 முதல், பன்னாட்டு வனவுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை இந்த வணிகத்தைக் கண்காணிக்கிறது. 1990-களின் நடுவில் மடகாஸ்கரின் நான்கு இனங்கள் தவிர மற்றவற்றின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. கூண்டில் வாழவைக்கத் தெரிந்ததாலும் காட்டிலிருந்து எடுப்பது குறைந்தது.

நம் ஊர்ப் பச்சோந்தி இந்தக் கதையில் சேராது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். சைட்டிஸ் பட்டியலிலுள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி பதிவு செய்யவேண்டும். மழைக்குப்பின் சாலையைத் தள்ளாடிக் கடக்கும் ஒன்றைப் பார்த்தால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது போய்க்கொண்டிருந்த திசையிலுள்ள புதரில் ஏற்றிவிட்டு உங்கள் வழியில் போங்கள்.