ஓடிப் பறத்தலும் நின்று பறத்தலும்



வானத்தில் பறக்கும் ஊர்திகள் அனைத்தையும் விமானம் என்ற ஒரே சொல்லால் நாம் குறித்துவிடுகிறோம். ஆயினும், இறக்கை விமானமும் ஹெலிகாப்டரும் பறக்கும் முறையால் வேறுபட்டவை. அவ்வேற்றுமையை அறிந்துகொள்வது பள்ளி மாணவருக்கு மட்டுமன்றி நம் எல்லோருக்கும் பயன் தரும். வெள்ளம் சூழ்ந்து கூரைமேல் நிற்க நேர்ந்தால், வானிலிருந்து எத்தகைய உதவியை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பது அப்போதுதான் விளங்கும்.

முதலில் இறக்கை விமானத்தைக் காண்போம். அதன் இறக்கைகள் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. அவற்றின்மீது காற்று வேகமாக ஓடினால்தான் தூக்குவிசை பிறக்கும். காற்று வீசாத நாளில் பட்டம் விடும் சிறுவன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான் அல்லவா? அதே காரணத்தால்தான் விமானமும் தரையில் ஓடுகிறது. நமக்கு அண்மையிலுள்ள மதுரை விமான நிலையத்தின் ஓடுதளம் ஏறத்தாழ 2,300 மீட்டர் நீளமுடையது. நால்வர் அமரும் செஸ்னா போன்ற சிறு விமானத்துக்குச் சில நூறு மீட்டர் போதும். ஆனால் வானில் அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு வெகுவாகக் கீழே குறைந்தால் இறக்கை தன் ஆற்றலை இழந்துவிடும். நில் என்றால் நிற்க அதற்கு இயலாது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாக அதனைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இறங்குவதற்கு ஆங்காங்கே சமவெளித் திடல்கள் இருந்தமையால் அப்பயணம் கைகூடிற்று.

ஹெலிகாப்டரோ தான் ஓடாமல் தன் இறக்கைகளை மட்டும் ஓடவிடுகிறது. தலைக்குமேல் சுழலும் அலகுகளே அதன் இறக்கைகள். ஆகவே ஊர்தி ஓரிடத்தில் நின்றபோதும் அலகுகளின்மீது காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. சிவகாசியில் செய்யும் தரைச்சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அது நெருப்பை ஒரு பக்கம் தள்ளுகிறது. தான் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. நியூட்டன் கூறிய எதிர்வினை இதுவே. அவ்வாறே எஞ்சின் அலகுகளை ஒரு திசையில் சுழற்றினால், ஊர்தியின் உடல் எதிர்த்திசையில் சுழல முற்படும். சுழன்றுகொண்டே மேலே கிளம்பும் ‘ஹெலிகாப்டர்’ என்னும் பட்டாசில் ஆள் அமர்வதில்லை. ஆதலால் அது சுழன்றாலும் குற்றமில்லை. மனிதர் அமரும் ஊர்திக்கு அது பொருந்துமா? ஆகையால்தான் பெரும்பாலான ஹெலிகாப்டர்களின் வாலில் ஒரு சிறிய சுழலி வைத்து உடலை நேர்நிறுத்துகின்றனர். இகோர் சிகோர்ஸ்கி 1939-இல் அமெரிக்காவில் பறக்கவிட்ட ஊர்தியில் இம்முறையை வெற்றியாகச் செய்து காட்டினார்.

இவ்வேற்றுமையால் விமானியின் வேலையும் மாறுகிறது. நன்கு சீர்செய்யப்பட்ட சிறு விமானம், பிடியைச் சற்றுத் தளர்த்தினாலும் நேரே செல்லும். நின்று பறக்கும் ஹெலிகாப்டரில் அது நடவாது. இடக்கை நெம்புகோல் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆளும். வலக்கைப் பிடி செல்லும் திசையை ஆளும். கால் மிதிகள் வால் சுழலியை ஆளும். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் உடனே திருத்தவேண்டும். ஆகவே, ஒன்றை ஓட்டப் பயின்றவர் மற்றொன்றைத் தனியே பயின்று, தனி உரிமம் பெறவேண்டும்.

எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர்கள் தவறாமல் கேட்பதுண்டு. செஸ்னா விமானம் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் சென்று இறங்கவல்லது. ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழும் என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால், எவரும் சுழற்றாமலே அது சுழல்கிறது. அதுபோல, கீழே இறங்கும்போது எதிர்ப்படும் காற்றே அலகுகளைச் சுழற்றும். அச்சுழற்சியைக் கொண்டு விமானி மெல்லத் தரையிறங்குவார். ஆனால் அதற்குப் போதிய உயரமோ வேகமோ வேண்டும். கூரைக்குச் சற்று மேலே நின்று கயிறு இறக்கும் வேளையில் அவ்விரண்டும் இல்லை. மீட்புப் பணிபுரிவோர் எத்தகைய இடர்நிலையில் நிற்கின்றனர் என்பதை இதனால் உணரலாம். பெரிய மீட்பு ஹெலிகாப்டர்களில் இரண்டு எஞ்சின்கள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் அண்டை மாவட்டமான தூத்துக்குடியில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது மிகுதி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிக்கிக்கொண்டது. சாலையும் இருப்புப்பாதையும் அறுந்த அந்நிலையில், ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்களை இறக்கின. கருவுற்ற பெண்மணி ஒருவரும் வான்வழியே மீட்கப்பட்டார். ஓடுதளம் இல்லாத இடத்தில் இறக்கை விமானம் எத்தனை விரைவாக வந்தும் பயன் என்ன?

எனினும் நின்று பறக்கும் ஆற்றல் மலிவாகக் கிடைப்பதன்று. எரிபொருட் செலவு மிகுதி; வேகமும் செல்லும் தொலைவும் குறைவு. பட்டாசுத் தொழிலுக்குத் துணைநின்ற நம் வட்டாரத்து வெயிலே இதற்குப் பகை. சூடான காற்று அடர்த்தி குறைந்ததாதலால் தூக்கும் எடையும் குறையும். மேகமும் பெரும்பகையே. 2021 டிசம்பர் 8-ஆம் நாள் குன்னூர் அருகே விழுந்த ஹெலிகாப்டரில் சென்ற முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரும் உயிரிழந்தனர். வானிலை திடீரென மாறி, ஊர்தி மேகத்துள் புகுந்து, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணமென விமானப்படையின் விசாரணை கண்டது. எங்கும் இறங்கவல்ல ஊர்தியாயினும், இறங்கும் இடம் கண்ணுக்குப் புலப்படவேண்டும் அன்றோ?

இறுதியாக, தரையில் நிற்கும் நாம் அறியவேண்டியவை சில. ஊர்த்திடலில் ஹெலிகாப்டர் இறங்கினால் கூட்டம் அதனை நோக்கி ஓடுகிறது. வேகமாகச் சுழலும் வால் சுழலி கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் வால்பக்கம் ஒருபோதும் செல்லலாகாது. விமானி கைகாட்டிய பிறகே, அவர் கண்ணில் படும் பக்கமாகக் குனிந்து அணுகவேண்டும். தோள்துண்டு, பந்தல் துணி, தகரம் ஆகியவற்றை முன்னரே அகற்றவேண்டும். சிவகாசி வட்டாரத்தில் இன்னுமொரு கவனம் தேவை. ஹெலிகாப்டரைத் தாங்கும் காற்று முழுவதும் கீழ்நோக்கியே வீசுகிறது. அது வெயிலில் உலர்த்திய வெடிகளைச் சிதறடிக்கும். எங்கேனும் தணல் இருந்தால் அதனை விசிறிவிடும். ஆகவே, காயமுற்றோரை ஏற்றிச் செல்ல இறங்குமிடம் குறிக்க நேர்ந்தால், ஆலையை விட்டு நெடுந்தூரம் விலகிய வெற்றுத் திடலையே குறிக்கவேண்டும். விரைந்து வரும் உதவியை ஏற்கும் இடத்தை முன்கூட்டியே எண்ணி வைப்பது ஒவ்வோர் ஊராரின் கடமையாகும்.