பத்துப்பாட்டில் வேட்டையிடத் தேர்வு

சங்கப் பாடல்களின் வேட்டைக் காட்சிகளைக் கருப்பொருள் வருணனையாக மட்டும் கொள்வதுண்டு. வேட்டுவர் தமக்குரிய இடத்தைத் தேர்ந்த முறையும் அவற்றுள் பதிவாகியுள்ளது. ஆற்றுப்படை நூல்கள் இரண்டு இதற்குச் சான்றாகின்றன.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை எயினர் வேட்டையைக் கூறுகிறது. மழை பொய்த்த காலத்தில், மானின் அடிச்சுவடு பதிந்த வழியருகே, நீர் வேண்டித் தோண்டிய அகழைச் சூழ்ந்த பயம்பினுள் அவர்கள் நள்ளிரவில் ஒளிந்திருக்கின்றனர். சுவடு மானுடையது, எதிர்பார்க்கப்படுவதோ பன்றி. வறட்சியில் விலங்குகள் பலவும் ஒரே நீரை நாடும் என்பதே இத்தேர்வின் அடிப்படை எனலாம். அவ்வேட்டை தவறின் பகலில் முறை மாறுகிறது. நாயுடன் புதர்களைக் கலைத்து, வேலியில் வலைகளைத் தொடராக மாட்டி, தப்பும் வழியின்றி முயலை வளைக்கின்றனர்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பகுதிகள் ஏரிப்பாசனச் சமவெளி. அங்கிருந்து வடமேற்கே செல்லச் செல்ல நிலம் உயர்ந்து செங்கம், பர்வதமலைப் பகுதியில் மலைநிலமாகிறது. இதுவே பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய மலைபடுகடாத்தின் களம். பாட்டுடைத் தலைவன் நன்னன். இங்கு நோக்கம் தினைப்புனக் காவல். பன்றி நுழையும் புழைதோறும் கல்லாலான பொறி வைக்கப்படுகிறது. உயர்ந்த இதணத்தில் ஏறிய குறவர் கவண்கல் வீசி யானையை விரட்டுகின்றனர்.

நீர்நிலை, ஒடுங்கிய வழி, உயரம் ஆகிய மூன்றும் விலங்கின் பசி, தாகம், நடமாட்டம் ஆகியவற்றை அறிந்து தேரப்பட்டவை. ஆயினும் விலங்கு செல்லும் வழியே மனிதனும் செல்லும் வழியாகலாம். எனவே மலைபடுகடாம் கூத்தரை எச்சரிக்கிறது: பொறியுள்ள வழியில் இரவில் செல்லாது தங்கி, விடிந்தபின் செல்லவேண்டும், கவண்கல் வரும் இடத்தில் மரங்களின் மறைவில் கடக்கவேண்டும்.

‘புழை’ என்பதற்குத் துளை, சிறுவாயில், ஒடுங்கிய வழி எனப் பொருள்கள் உள. விலங்கு நுழையும் இடம் என்னும் சூழற்பொருளை விடுத்தால், பொறி அங்கு வைக்கப்பட்ட காரணமும், வழிகாட்டுவோன் அஞ்சிய காரணமும் விளங்கா. ஆற்றுப்படையின் வழிகாட்டல் பரிசில் பெறும் இடத்தைச் சுட்டுவதோடு முடிவதில்லை. அவ்விடத்தை உயிருடன் அடையும் அறிவையும் அது தருகிறது.