பெக்கோ எங்கே தொடங்க வேண்டும்?

ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பில் பெக்கோக்களுக்கு ஓய்வில்லை. மாரி மழை இறங்குமுன் தெருவோர வடிகான்களைத் துப்புரவாக்கி முடிக்க வேண்டும். உங்கள் தெருவுக்கும் ஒன்று வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் அகன்ற வாளி, பின்னால் மடங்கி நீளும் கை, அதன் நுனியில் பல் வைத்த சின்ன வாளி. தோண்டத் தொடங்க வேண்டியது தெருவின் மேல் முனையிலிருந்தா, வாவிப் பக்கத்து முனையிலிருந்தா?

பழகிய சாரதி நேரே வாவிப் பக்கம் போவார். தண்ணீர் போக வழியில்லாத இடத்தில் தோண்டினால், கலங்கல் அங்கேயே தேங்கி நிற்கும். வாளி எங்கே இறங்குகிறதென்று தெரியாது. கிளறிய சேறு மறுபடியும் அடியில் படியும். கீழ் முனையைத் திறந்துகொண்டு மேலே ஏறி வந்தால், தேங்கியது வடிந்து கானின் அடி கண்ணுக்குத் தெரியும்.

அடி தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை தட்டையான மணல் நிலம். இப்படிப்பட்ட இடத்தில் வடிகானுக்குக் கிடைக்கும் சாய்வு மிகக் குறைவு. ஆயிரத்துக்கு ஒன்று என்ற சாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீற்றர் தூரத்துக்கு 10 சென்ரிமீற்றர்தான் இறக்கம். வாளி ஓரிடத்தில் 15 சென்ரிமீற்றர் கூடுதலாக இறங்கிவிட்டால் அங்கே பள்ளம் விழும். ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் வேகமாக ஓடும் என்று பெரியவர்களிலும் சிலர் நினைக்கிறார்கள். பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் ஓடாது, நுளம்புதான் முட்டையிடும். வடிகானில் தண்ணீர் எந்த மட்டம் வரை தேங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் ஆழமான இடமல்ல, கீழ்ப்பக்கத்தில் அடி மேடாகிக் கிடக்கும் இடம்.

அந்த மேடு பெரும்பாலும் எங்கே இருக்கும் தெரியுமா? நம் வீட்டுக் கேற்றடியில்! வாகனம் வளவுக்குள் போக வடிகானுக்கு மேல் சிலாப்புப் போட்டிருப்போம், அல்லது ஹியூம் குழாய் புதைத்திருப்போம். திறந்த வடிகானில் மிதந்து வரும் தென்னம்பாளை, பொச்சுமட்டை, பிளாஸ்ரிக் போத்தல் எல்லாம் அந்த வாயில் குறுக்காகச் சிக்கும். சிக்கியதும் ஓட்டம் தளரும். ஓட்டம் தளர்ந்தால் மணல் அடியில் இறங்கிவிடும். மணல் பருமணி, சட்டென்று படியும். களிமண் துகளோ 10 சென்ரிமீற்றர் இறங்கவே ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் எடுக்கும். ஒரு கண்ணாடிப் போத்தலில் வடிகான் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் சேரும். கலங்கல் மறுநாள்தான் தெளியும். கேற்றடிக் குழாயில் முதலில் சேருவது மணலாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபேர்ட் மனிங் 1889இல் முன்வைத்த ஒரு சூத்திரத்தை இன்றும் உலகம் முழுவதும் வடிகான் கட்டுவோர் பயன்படுத்துகிறார்கள். (கல்லடிப் பழைய பாலத்துக்கு லேடி மனிங் பாலம் என்று பெயர். அது ஆளுநர் வில்லியம் மனிங்கின் மனைவியின் பெயர்; சூத்திரம் தந்த மனிங் வேறு ஆள்.) அந்தச் சூத்திரத்தின்படி, நிரம்பி ஓடும் குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே சாய்வில் போகும் தண்ணீர் பாதியாகாது, ஆறில் ஒரு பங்கையும்விடக் குறைந்துவிடும். புல்லும் ஆற்றுவாழையும் அடர்ந்த மண் வடிகான், துப்புரவான வடிகானைப் போல மூன்று நான்கு மடங்கு தடை கொடுக்கும். மழையைக் கணக்கில் எடுங்கள்: 20 பேர்ச் வளவில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் விழுவது சுமார் 50,000 லீற்றர். கூரையில் வைக்கும் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கிகளில் ஐம்பது. கோடையில் அதில் பெரும்பங்கை மணல் குடித்துவிடும். மார்கழியில் கிணறுகள் முட்ட நிரம்பி நிற்கும்போது மணலுக்கு ஏது இடம்?

இனி பெக்கோவின் கையைப் பார்ப்போம். அதைத் தூக்குவதும் மடக்குவதும் எண்ணெய். மூடிய திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், இதை விளக்கும் அவரது நூல் அச்சாகியது. பெக்கோவின் எண்ணெய் அழுத்தம் சுமார் 200 பார். கார் ரயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு. 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளைக்குள் அந்த எண்ணெய் பாய்ந்தால் ஏறக்குறைய 16 தொன் விசை! இங்கிலாந்தில் ஜோசப் சிறில் பாம்ஃபோர்ட் தொடங்கிய ஜேசிபி நிறுவனம் 1953இல் இந்த வகை இயந்திரத்தைச் செய்தது. உழவு இயந்திரம் ஒன்றின் முன்னும் பின்னும் வாளி பூட்டிய யோசனைதான் அது.

இவ்வளவு பலமிருந்தும் சிலாப்புக்குக் கீழே வாளி நுழையாது. அங்கே நீளக் கம்பும் மண்வெட்டியும்தான். இன்னொன்றும் பலத்தால் நடக்காது. உலர்ந்த மணலைக் குவித்தால் சுமார் 34 பாகைக்கு மேல் சாய்வு நிற்காது, சரிந்துவிடும். ஆகவே மணல் நிலத்தில் வடிகானின் பக்கத்தைச் சுவர் போல நிமிர்த்தி வெட்டினால், முதல் மழையிலேயே அது உள்ளே விழும். அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்தாலும் இதே கதை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். கரையில் நிற்கும் புல்லை விட்டுவைப்பது நல்லது, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

தெரு வடிகான் வாவியில் போய் விழுகிறது. ஆனால் வாவியே நிரம்பிக் கிடந்தால்? சுமார் 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள்: பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, கல்லாற்றுப் பக்கம் ஒன்று. கோடையில் ஆறுகள் மெலிந்து வெளியோட்டம் குறையும். அந்நேரம் கடலலை கொண்டுவந்து போடும் மணல் வாயை அடைத்துவிடும். மாரியில் வாவியின் மறுகரையான படுவான்கரை வயல்களும் தெருக்களும் மூழ்கத் தொடங்கும்போது, அந்த மணல்மேட்டை வெட்ட மறுபடியும் பெக்கோதான் வருகிறது.

இங்கே முழு வாயையும் தோண்டத் தேவையில்லை. ஒடுக்கமான ஒரு கானை வெட்டிவிட்டால் போதும். வாவி மட்டம் கடல் மட்டத்தைவிட உயர்ந்திருப்பதால் தண்ணீர் வேகமெடுக்கும். வேகம் கூடக் கூட மணலை அரித்துக்கொண்டு வழியைத் தானே அகலமாக்கும். சாரதி செய்ய வேண்டிய அவசர வேலை, இயந்திரத்தைப் பின்வாங்கி எடுப்பது. எப்போது வெட்டுவது என்பதில் மட்டும் கருத்து ஒன்றாக இராது. வயல் மூழ்குமுன் திறக்கச் சொல்வார் விவசாயி. மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடுமே என்று யோசிப்பார் வாவியில் வலை வீசுபவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வெட்டும் நாளை பெக்கோச் சாரதி தனியே முடிவு செய்வதில்லை.