மக்கட்பேற்றுச் சிகிச்சையும் அடகுச் சீட்டும்

மூணாறு, பீர்மேடு மலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கங்களிலும், மணமாகிப் பல ஆண்டுகளாகியும் மழலையொலி கேளாத நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், மனைவியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டுமே எஞ்சியிருக்கக் காண்கிறோம். நகையெல்லாம் போடிக்கோ கோயமுத்தூருக்கோ சிகிச்சைக்குச் சென்ற வழியில் அடகுக் கடையில் தங்கிவிட்டது.

“காருண்யா அட்டை இருக்கிறதே!” என்பர் அன்பர். குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை என்பது மெய்யே. ஆனால் 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் விதிகள் கருத்தரிப்புச் சிகிச்சையை விலக்கியுள்ளன. காருண்யா அதனோடு இணைந்தது. தமிழக முதலமைச்சர் காப்பீட்டில் சேரவோ அம்மாநிலக் குடும்ப அட்டையும், ரூ. 1,20,000க்கு மிகாத ஆண்டு வருமானச் சான்றும் வேண்டும். மொழியால் அவ்விடத்தார், அட்டையால் இவ்விடத்தார். நம் நிலை இது!

ஆகவே முதற்படி அரசு மருத்துவமனையே. திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்பும் உண்டு. தொலைவுதான், எனினும் அடகு வட்டியை எண்ணினால் பேருந்துக் கட்டணம் பெரிதன்று. கணவரும் உடன் செல்லல் வேண்டும். குறை அவரிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. அதைச் செய்யாமலே மனைவிக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுப் பொருளிழந்த குடும்பத்தை நாம் அறிவோம்.

தனியார் நிலையத்தை நாடுவோர் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். அச்சட்டம் மனைவிக்கு 50, கணவருக்கு 55 என வயது வரம்பு விதிக்கிறது. மொத்தச் செலவை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முதன்முறை பலிக்காவிடில் மறுமுறைக்கு எவ்வளவு என்பதையும் அத்தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.