வேலை போன பிறகும் லாபம் வாங்கிய கம்பெனி!
பீரங்கி சுட்டு கடலூரில் கால் வைத்த கும்பினியின் கடைசிக் கதை

கடலூர்,
மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையை மூடுவது சுலபம். ஷட்டரை இழுத்துப் பூட்டு போட்டால் மூடியாச்சு. ஆனால் ‘கம்பெனி’ என்று பதிவு செய்துவிட்டால் கதையே வேறு. பூட்டினாலும் அது சாகாது! இதற்கு உதாரணம் தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். நம்ம தேவனாம்பட்டினம் போதும்.

1690-ம் ஆண்டு கிழக்கிந்திய கம்பெனி, மராட்டியர்களிடம் இருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. எல்லை எது? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு என்று பேச்சு. வெள்ளைக்காரன் சும்மா விடுவானா? சென்னையில் இருந்து நல்ல பீரங்கியும், கைதேர்ந்த ஆளும் வந்து இறங்கினார்கள். சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனி சொத்து! கடலூரும் அதில் அடக்கம். குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற பெயர்கள் அதனால் வந்தவைதான் என்று ஊரில் சொல்வார்கள்.

கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், 1752 வரை கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். மஞ்சக்குப்பத்தில் ஒரு தோட்ட பங்களாவும் இருந்தது. 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னர்.

இதெல்லாம் தெரிந்த கதை. இவ்வளவு ஆட்டம் போட்ட கம்பெனியை மூடினார்களே, அது எப்படி?

வியாபாரம் இல்லை, லாபம் உண்டு!

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. வியாபாரத்தை நிறுத்து, ஆட்சியை மட்டும் பார் என்றது. சரி, பங்கு போட்டவர்கள் கதி? அவர்களுக்குத்தான் யோகம்! மூலதனம் 60 லட்சம் பவுண்டு. 100 பவுண்டு பங்குக்கு வருஷம் பத்தரை பவுண்டு டிவிடெண்ட். 40 வருஷத்துக்கு கியாரண்டி. கொடுப்பது யார்? லண்டன்காரன் இல்லை. இந்திய கஜானா! நம்ம பக்கத்தில் ஏர் பிடித்தவன் கட்டிய கிஸ்தியும் அதில் உண்டு. வருஷத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டு. 40-ஆல் பெருக்கினால் 2 கோடியே 52 லட்சம்!

1857-ல் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். 1858-ல் ஆட்சியையும் ராணி வாங்கிக் கொண்டார். பட்டாளம் போச்சு. அதிகாரம் போச்சு. லண்டன் தலைமை ஆபீஸ் கட்டடத்தை 1861-ல் இடித்தே விட்டார்கள். ஆனாலும் கம்பெனி பேர் அழியவில்லை. ஆபீஸே இல்லாத கம்பெனிக்கு டிவிடெண்ட் மட்டும் போய்க்கொண்டே இருந்தது!

கணக்கைத் தீர்க்க 1873-ல் தனிச் சட்டம் வந்தது. 100 பவுண்டு பங்குக்கு 200 பவுண்டு என்று பைசல். 1874 ஜூன் 1-ந் தேதி கம்பெனி கலைந்தது. 1600 டிசம்பர் 31-ல் பிறந்தது, வயசு 273. பங்குதாரர்கள் இரட்டிப்புப் பணத்தோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டே வருஷத்தில் இங்கே தாது வருஷப் பஞ்சம்.

மச்சானை நம்பி ஆரம்பித்தீர்களா?

இப்போது அப்படி இழுக்க முடியாது. மச்சானை நம்பி ‘பிரைவேட் லிமிடெட்’ ஆரம்பித்து, ஓடாமல் தூங்குகிறதா? சும்மா விட்டால் ஆபத்து. கணக்கு தாக்கல் செய்யாத ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பாரத்துக்கும் 100 ரூபாய் ஏறும். தொடர்ந்து 3 வருஷம் தாக்கல் இல்லை என்றால் டைரக்டர் பதவிக்கே தகுதி போய்விடும். 2017-ல் இப்படித் தூங்கிய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயரை நாடு முழுக்க மத்திய அரசே அடித்தது.

நாமாக மூட வழி இருக்கிறது. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம், 248-வது பிரிவு. இரண்டு வருஷம் வியாபாரம் நடந்திருக்கக் கூடாது. கடனை எல்லாம் அடைக்க வேண்டும். பாக்கி தாக்கல்களை முடிக்க வேண்டும். முக்கால் பங்கு மூலதனம் வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். ஆடிட்டர் சான்று செய்த கணக்கு, டைரக்டர்களின் உறுதிமொழிப் பத்திரம், 10 ஆயிரம் ரூபாய் கட்டணம். எல்லாம் ஆன்லைனில்தான். 2023 மே மாதம் முதல் இதற்கென்றே அரியானா மாநிலம் மானேசரில் தனி ஆபீஸ் இருக்கிறது. அங்கே நேரில் போகும் வேலை இல்லை.

ஆட்சேபம் இருந்தால் சொல்ல 30 நாள் தருவார்கள். பிறகு பெயர் நீக்கம். அதோடு தப்பித்தோம் என்று டைரக்டர் காலை நீட்டிப் படுக்க முடியாது. அவருடைய பொறுப்பு அப்படியே இருக்கும். பாக்கி வராத கடன்காரர் 20 வருஷம் வரை கம்பெனித் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, அடித்த பெயரை மறுபடி எழுப்பச் சொல்லலாம்!