கடலைக் கூட்டிச் சொன்ன பித்தளை இயந்திரம்

துறைமுகத்தில் கடல் ஏறி இறங்குவது ஒரே தாளத்தில் அல்ல. நிலவு எழுப்பும் ஓதம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சிக்கு வரும். சூரியனுடையது 12 மணிக்கு ஒருமுறை. நிலவு பூமியை நெருங்கி விலகுவதும், வடக்கும் தெற்குமாகச் சாய்வதும் தம் பங்குக்கு வேறு அலைகளைச் சேர்க்கும். கரையில் நட்ட அளவுகோல் காட்டுவது மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும்தான்.

அதை மறுபடி உறுப்புகளாகப் பிரிக்க வழி திறந்தவர் ஜோசப் ஃபூரியர். நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். பிறகு கிரெனோபிளில் அரசு நிர்வாகி. திடப்பொருளில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்தவர், எந்த வளைகோட்டையும் சைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1807இல் சொன்னார். கணிதர் லக்ராஞ்சு ஏற்கவில்லை. அவர் தயங்கியதிலும் நியாயம் உண்டு: ‘எந்த’ என்பதன் எல்லையைத் தீர்க்கக் கணித உலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

ஓதத்தில் அந்தச் சிக்கல் கிடையாது. அலைகளின் கால அளவை வானமே சொல்லிவிடும். ஒவ்வோர் அலையும் இந்தத் துறைமுகத்தில் எவ்வளவு உயரம், எப்போது உச்சி என்பதைப் பழைய அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு எடுத்தால் போதும். எடுத்த பிறகு வருங்காலத்துக்கு மணிக்கு மணி கூட்ட வேண்டுமே, அதுதான் முதுகை ஒடிக்கும் வேலை.

அந்த வேலையை 1870களில் வில்லியம் தாம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, பித்தளையிடம் ஒப்படைத்தார். முதல் இயந்திரத்தில் பத்து அலைகள், அலைக்கு ஒரு கப்பி. பல்சக்கரங்கள் ஒவ்வொரு கப்பியையும் அதனதன் வேகத்தில் மேலும் கீழும் ஆட்டும். ஒரு முனை இறுகக் கட்டிய ஒரே கம்பி எல்லாக் கப்பிகளையும் மேலாகவும் கீழாகவும் மாறி மாறிச் சுற்றிப்போய், மறுமுனையில் பேனாவைத் தாங்கும். ஒரு கப்பி ஓர் அங்குலம் நகர்ந்தால் பேனா இரண்டு அங்குலம் நகரும். அதே நேரம் இன்னொன்று எதிர்ப்பக்கம் போனால் அந்த அளவு கழிந்துவிடும். எண்ணே இல்லாத கூட்டல்! கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஓராண்டு ஓதம் சுமார் நான்கு மணி நேரத்தில் தாளில் இறங்கிவிடும். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879இல் லண்டனில் ஒன்று செய்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் லிவர்பூல் அருகே ஓத ஆய்வாளர் ஆர்தர் டூட்சனிடம் இத்தகைய இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒரே குண்டில் இரண்டும் போய்விடாதிருக்கத் தனித்தனிக் கட்டடங்களில் வைத்திருந்தார்கள். ‘இஸட்’ என்ற பெயரில் மட்டும் வந்த ஓர் இடத்துக்கு அவர் ஓதம் கணித்துக் கொடுத்தார். அது நேச நாட்டுப் படைகள் இறங்கவிருந்த நார்மண்டிக் கரை.

1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் முறை, அளவீடுகளை அலைகளாகப் பிரிக்கும் கணக்கைக் கணினிக்கு எளிதாக்கியது. 1024 அளவீடுகளைப் பிரிக்க அதற்கு முன் சுமார் பத்து லட்சம் பெருக்கல் தேவைப்பட்டது. இப்போது பத்தாயிரம் அளவில் முடிகிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் படமாவதும் இதனால்தான். இருந்தாலும் ஃபூரியரைச் சூத்திரமாக மட்டும் படித்தவர்கள், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போக வாய்த்தால் கெல்வினின் இயந்திரத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.